ஆண்டறிக்கை 2024-25: உயிர் காத்த சாரணப் பிள்ளைகள்

தலைவர் ஐயா அவர்களுக்கும், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பழைய சாரணர், சாரணியர் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் எப்போது நடந்தன, யார் கொடியேற்றினார், எத்தனை பேர் வந்தார்கள் என்பதெல்லாம் குறிப்பேட்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த வருடம் நாம் உருப்படியாகச் செய்த காரியம் என்றால், மாதக் கூட்டங்களில் போர்க்காலத்தில் உயிர் காத்த சாரணப் பிள்ளைகளைப் பற்றிப் பேசியதும், சாரணர், சாரணியர் உலகெங்கும் கொண்டாடும் பிப்ரவரி 22 சிந்தனை நாளன்று அதையே பள்ளி மாணவர்களுக்குப் படங்களோடு சொன்னதும்தான். அதனால் அறிக்கையில் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

யாரைச் சேர்ப்பது என்பதில் ஆரம்பத்திலேயே செயற்குழுவில் பெரிய வாக்குவாதம். 1916 ஜட்லாண்ட் கடற்போரில் 'செஸ்டர்' கப்பலில், கூட இருந்தவர்கள் விழுந்த பிறகும் தன் பீரங்கியை விட்டு நகராமல் நின்று, பட்ட காயத்தால் இறந்த 16 வயது ஜாக் கார்ன்வெல் ஒரு பழைய சாரணன். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை அவனுக்குக் கிடைத்தது, அவன் பெயரில் சாரணர் பேட்ஜே இருக்கிறது. அவனை விடலாமா என்று மூத்தவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனாலும் பிள்ளைகள் முன்னால் வைக்கும்போது, அடுத்தவர் உயிரைக் காப்பாற்றப் போனவர்களை மட்டும் வைப்போம் என்று முடிவாயிற்று. அந்த முடிவு சரிதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது டன்கிர்க். 1940 மே கடைசியில் பிரான்ஸ் கடற்கரையில் ஜெர்மன் படைகளிடம் சிக்கிய வீரர்களை மீட்க இங்கிலாந்திலிருந்து சின்னச் சின்னப் படகுகளும் போயின, ஜூன் 4 வரை மூன்று லட்சத்து முப்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கரை சேர்ந்தார்கள். அதில் 'சன்டவுனர்' என்ற படகின் சொந்தக்காரர் சார்லஸ் லைட்டாலர், டைட்டானிக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்து பிழைத்தவர், அப்போது அவருக்கு 66 வயது. போகிறதென்றால் நானே ஓட்டிப் போகிறேன் என்று மகன் ரோஜரையும், படகோட்டப் பழகும் சாரணர் பிரிவைச் சேர்ந்த 18 வயது கடல்சாரணன் ஜெரால்டு ஆஷ்கிராஃப்டையும் கூட்டிக்கொண்டு ஜூன் 1 அன்று கிளம்பினார். வழியில் எரிந்துகொண்டிருந்த இன்னொரு படகின் ஆட்களை ஏற்றிக்கொண்டார்கள். மேலே விமானங்கள் சுட்டபடி வர, கடைசி நொடியில் படகைத் திருப்பித் தப்பினார்கள். அந்த வித்தை விமானியாக இருந்து போரின் தொடக்கத்திலேயே இறந்த இளைய மகனிடம் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டதாம். 21 பேர் ஏற உரிமம் உள்ள படகு அது, அதில் 127 வீரர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மார்ட்லேக் ஊர்க் கடல்சாரணர்களும் தங்கள் சொந்தப் படகான 'மினோட்டார்' ஓட்டிக்கொண்டு டன்கிர்க் போனவர்கள்தான். இவர்கள் யாரும் அன்றைக்குத் தைரியம் வந்து ஏறியவர்கள் அல்ல, படகும் கயிறும் நீரோட்டமும் முன்பே பழகியவர்கள். எங்கள் பேச்சு எல்லாமே சுற்றிச் சுற்றி இதில்தான் வந்து நின்றது.

என்னை அதிகம் கலங்கவைத்தது, அதே போரில் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசிய இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துச் சாரணன் டெரிக் பெல்ஃபால். குண்டு விழுந்து தொலைபேசிக் கம்பிகள் அறுந்துபோனால் தீயணைப்பு நிலையத்துக்கும் காவல் சாவடிக்கும் நடுவில் செய்தி கொண்டுபோக ஆள் வேண்டும், அந்த வேலையைச் சைக்கிளில் போன பையன்கள்தான் செய்தார்கள். வண்டி எங்கே போக வேண்டும், யார் எந்த இடிபாட்டுக்குள் கிடக்கிறார்கள் என்பது அவர்கள் கொண்டுபோன சீட்டில்தான் இருக்கும், சீட்டு தாமதமானால் உயிர் போகும். டெரிக்குக்கு 14 வயது. 1940 டிசம்பரில் நடந்த தாக்குதலில் கொடுத்த செய்தியைச் சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு வீட்டில் பிடித்த தீயை அணைத்தான், இடிந்த இன்னொரு வீட்டிலிருந்து ஒரு கைக்குழந்தையை மீட்க உதவினான், அப்புறம் குண்டடிபட்டான். ஆஸ்பத்திரியில் சாகும் தறுவாயில்கூட, செய்தியைச் சேர்த்துவிட்டேன் என்றுதான் தகவல் சொன்னானாம். கேட்டுக்கொண்டிருந்த ஒரு சாரணியின் அம்மா, இவ்வளவு சின்னப் பையனை அந்தத் தெருவுக்கு அனுப்பியிருக்கவே கூடாது என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். அவனைப் போற்றலாம், அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்த போரைப் போற்ற முடியாது.

போலந்தைப் பற்றி ஒரு கூட்டம்தான் பேசினோம், இன்னும் பேசியிருக்கலாம். 1944-ல் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து தலைநகர் வார்சாவில் நடந்த எழுச்சியின்போது ஆகஸ்ட் 6 முதல் சாரணச் சிறுவர்களே தபால் நடத்தினார்கள். கடிதத்துக்குக் காசு இல்லை, 25 சொற்களுக்குள் எழுத வேண்டும். துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் கொண்டுபோன அந்தச் சீட்டுகளால்தான் பல குடும்பங்களுக்குத் தங்கள் ஆட்கள் உயிரோடு இருப்பது தெரிந்தது. இடைவிடாத குண்டுவீச்சில் உழைத்த மால்டா தீவின் சாரணர்களுக்கு, தனி ஆளுக்கு என்றில்லாமல் மொத்தமாகவே சாரணர் இயக்கத்தின் வீர விருதான வெண்கலச் சிலுவை கொடுக்கப்பட்டதையும் சொன்னோம்.

சரி, இதையெல்லாம் பேசி என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். சிந்தனை நாள் படக் கண்காட்சி முடிந்த கையோடு, பேண்டு வாத்தியம் வாங்க ஒதுக்கிய தொகையை முதலுதவிக்கும் நீச்சலுக்கும் மாற்றலாம் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. சிலருக்கு இதில் வருத்தம் உண்டு, அணிவகுப்பில் பேண்டு இல்லாமல் நன்றாக இருக்காது என்கிறார்கள். ஆனால் கோடை விடுமுறையில் கிணற்றிலும் கல்குவாரிக் குட்டையிலும் பிள்ளைகள் மூழ்கிப்போகிற ஊர்களில் இருந்துகொண்டு, நம் பிள்ளைகளுக்கு நீந்தவும், மூழ்குகிறவனைக் கண்டால் தானும் குதித்துவிடாமல் கயிறோ துணியோ வீசி இழுக்கவும், மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்தவும் தெரியவில்லை என்றால் நாம் எதற்குச் சங்கம் வைத்திருக்கிறோம்?

இறுதி முடிவு இந்தப் பொதுக்குழுவின் கையில். தீர்மானம் நிறைவேறினால் முதலுதவி வகுப்பு ஞாயிறு காலையில் நடக்கும். கற்றுத்தரத் தெரிந்தவர்கள், குறிப்பாக நர்ஸ் வேலையிலும் தீயணைப்புத் துறையிலும் இருக்கும் நம் உறுப்பினர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்