ஓட்டிப் பாத்துட்டு "ஒண்ணுமில்ல சார்"னு சொல்ற மெக்கானிக் அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்களே, வணக்கம். உங்கள திட்டணும்னு இத எழுதல. நடுவுல கொஞ்சம் திட்டுவேன், பொறுத்துக்கோங்க.

என் கார் ஓடிக்கிட்டிருக்கும்போதே ஆஃப் ஆகும். தினமும் ஆனா கூட பரவாயில்ல, ஒரு வாரம் பூரா சமத்தா ஓடும், அப்புறம் ஒரே நாள்ல ரெண்டு தடவ நட்டநடு ரோட்டுல அடங்கிடும். அரை மணி நேரமாவது ஓட்டின பிறகுதான் இந்த கூத்து. ஓரமா தள்ளி கால் மணி நேரம் விட்டா எதுவுமே நடக்காத மாதிரி ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகும். பல்லு டாக்டர் வீட்டு வாசப்படி ஏறினதும் பல்வலி நிக்கும்ல, அதே மாதிரி உங்க ஷெட்டுக்குள்ள வந்துட்டா அப்படியே மாப்பிள்ளை மாதிரி நிக்கும்.

"நாங்க டெஸ்ட் டிரைவ் போனோம் சார், நல்லாத்தான் இருக்கு"ன்னு சொன்னீங்க. கிலோமீட்டர் பாத்தேன், ரெண்டு கிலோமீட்டர் ஓடியிருந்துது. ரெண்டு கிலோமீட்டர்ல இன்ஜினே ஒழுங்கா சூடேறாதே அண்ணே, சூட்டுல மட்டும் வர்ற வியாதி அதுல எப்படி வரும்?

வண்டி ஓடும்போது ஆஃப் ஆகுறதுன்னா சும்மா ஸ்டார்ட் ஆகாம நிக்கிற மாதிரி இல்ல. ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடும், பிரேக்குக்கு உதவுற வேக்குவம் ஒண்ணு ரெண்டு தடவ மிதிக்கிறதுக்குதான் மிச்சமிருக்கும், அதுக்கப்புறம் முழு பலத்தையும் போட்டு மிதிக்கணும், பின்னாடி வர்றவனுக்கு நமக்கு என்ன ஆச்சுன்னே தெரியாது. ஹசார்ட் லைட்ட போட்டு, நியூட்ரல் பண்ணி, சாவிய லாக் பக்கம் திருப்பிடக்கூடாதுன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு ஓரம் கட்டுற அந்த பத்து செகண்டு இருக்கே, அது உங்க ஜாப் கார்டுல எந்த கட்டத்துலயும் வராது. "இன்ஜின் ஸ்டாப் கம்ப்ளெயின்ட்"னு மூணே வார்த்தை.

முதல் தடவ பிளக் மாத்துனீங்க, இன்ஜினுக்குள்ள காத்து போற த்ராட்டில் பாடிய கிளீன் பண்ணீங்க. ரெண்டாவது தடவ பியூயல் பம்ப். எல்லாத்துக்கும் பில் குடுத்தீங்க, யாருமே ஒரு கேள்வி கேக்கல: வண்டி எப்படி ஆஃப் ஆகுது?

அதுலதானே அண்ணே பாதி பதில் இருக்கு. பெட்ரோல் சரியா வரலைன்னா வண்டி சாகுறதுக்கு முன்னாடி முக்கும், ஜெர்க் அடிக்கும், மேட்டுல பிக்கப் இருக்காது, டேங்க்ல கொஞ்சமா பெட்ரோல் இருக்கும்போது இன்னும் மோசமாகும், ஏன்னா பம்ப சூடேறாம குளிர வைக்கிறதே அந்த பெட்ரோல்தான். சிக்னல்ல நிக்கப்போகும்போது மட்டும் அடங்குச்சுன்னா த்ராட்டில்ல கார்பன், வேக்குவம் லீக், எக்ஸாஸ்ட் புகைய கொஞ்சம் திரும்ப இன்ஜினுக்கே அனுப்புற ஈஜிஆர் வால்வு மூடாம நிக்கிறதுன்னு அந்தப் பக்கம் போகணும். பெட்ரோல் போட்டுட்டு கிளம்பினதும் மட்டும் தடுமாறுச்சுன்னா டேங்க்ல சேர்ற பெட்ரோல் ஆவிய இன்ஜினுக்கு விடுற பர்ஜ் வால்வ பாக்கணும். ஸ்டார்ட் ஆகி ரெண்டு செகண்டுல நின்னா, சரியான சாவிதானான்னு பாக்குற திருட்டுத் தடுப்பு இம்மொபிலைசர். மீட்டர் போர்டு, ரேடியோ எல்லாம் சேந்து செத்தா பேட்டரி டெர்மினல், எர்த், இல்லைன்னா இக்னிஷன் சுவிட்ச். சாவிக்கொத்து கனத்த சின்ன விஷயம்னு நினைக்காதீங்க, 2014ல ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 26 லட்சம் கார திரும்பக் கூப்பிட்டது இந்த சுவிட்சுக்காகத்தான், கொத்து கனத்துல சாவி தானா பின்னாடி நழுவி ஓடுற வண்டி ஆஃப் ஆச்சு, ஏர்பேக்கும் விரியல, 124 சாவுக்கு நஷ்டஈடு குடுத்தாங்க.

என் வண்டி இதுல எதுவும் இல்ல. முக்கல், முனகல் கிடையாது, சுவிட்ச தட்டி அணைச்ச மாதிரி பட்டுனு அணையும். பக்கத்துல உக்காந்திருந்த என் தங்கச்சி ஒரு தடவ போன்ல வீடியோ எடுத்துட்டா. அதுல வண்டி நாலாவது கியர்ல உருண்டுகிட்டு இருக்கு, நான் கிளட்ச் மிதிக்கல, அப்படின்னா சக்கரம் இன்ஜின சுத்திக்கிட்டேதான் இருக்கு, ஆனா ஆர்பிஎம் முள்ளு சடார்னு பூஜ்யத்துல விழுது. மத்த லைட் எல்லாம் எரியுது. இன்ஜின் சுத்துது, ஆனா சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியல. அது தெரியலைன்னா ஸ்பார்க்கும் குடுக்காது, பெட்ரோலும் குடுக்காது. இந்த வீடியோவ காமிச்சேன், "வாட்ஸ்அப்ல அனுப்புங்க சார்"னு சொன்னீங்க. அனுப்பினேன். இன்னிக்கு வரைக்கும் நீல டிக் வரல.

மூணாவது தடவ வந்தப்ப ஸ்கேனர்ல ஒரு வழியா எர்ரர் கோடு விழுந்துது, பி0335. எனக்கே சந்தோஷம். இன்ஜின் சுத்துறத கம்ப்யூட்டருக்குச் சொல்ற கிராங்க் சென்சார் போச்சுன்னு சொல்லி புதுசு போட்டு, கோட அழிச்சு குடுத்தீங்க. ஒன்பதாவது நாள் மறுபடியும் அணைஞ்சுது.

இங்கதான் திட்டப்போறேன். பி0335ன்னா சென்சார் செத்துடுச்சுன்னு அர்த்தமா? அந்த சென்சார் சர்க்யூட்ல ஏதோ கோளாறுன்னு மட்டும்தானே அர்த்தம்? சென்சார், கப்ளர், அங்கருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் போற ஒயர், எல்லாம் சேத்துதான் சர்க்யூட். அழிக்கிறதுக்கு முன்னாடி ஃப்ரீஸ் ஃப்ரேம் பாத்தீங்களா? கோடு விழுந்த நேரத்துல என்ன ஸ்பீடு, இன்ஜின் எவ்வளவு சூடுன்னு அதுல பதிவாகியிருக்கும், அழிச்சா அதுவும் சேந்து போயிடும். முதல் ரெண்டு தடவ கோடு இல்லைன்னு பால்ட்டே இல்லைன்னுட்டீங்க, சில கோளாறு தொடர்ந்து ரெண்டு ஓட்டத்துல வந்தாதான் லைட்டே எரியும், இது எனக்கே இப்பதான் தெரியும், உங்களுக்கு தெரியாம இருக்காது.

கடைசியா கண்டுபிடிச்சவர் சின்ன ஷெட்டு வச்சிருக்கிற ஒரு பெரியவர். வந்ததும் பானட்ட தொறக்கல, டீ சொல்லிட்டு இருபது நிமிஷம் கேள்வி மட்டும் கேட்டார். எவ்வளவு நேரம் ஓடினா வருது, ஏசி போட்டிருந்தீங்களா, மழையில வந்துச்சா, எவ்வளவு நேரம் ஆறினா ஸ்டார்ட் ஆகுது. வீடியோவ மூணு தடவ பாத்தார். அப்புறம் வண்டிய ஐடிலிங்ல விட்டு நல்லா சூடேற வச்சு, சென்சார் ஒயர ஒரு ஜாண் ஒரு ஜாணா பிடிச்சு ஆட்டிக்கிட்டே வந்தார். எக்ஸாஸ்ட் பக்கமா போற ஒரு வளைவுல கை வச்சதும் இன்ஜின் பட்டுனு நின்னுது. அந்த சத்தமில்லாத ஒரு நிமிஷத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சு அண்ணே, சந்தோஷத்துல. ஒயரக் கட்டிவைக்கிற கிளிப் எப்பவோ உடைஞ்சு, ஒயர் பிராக்கெட்டுல உரசி, சூட்டுல தோல் வெடிச்சு செம்பு தெரியுது. புது ஒயர் போட்டு, ஸ்லீவ் மாட்டி, கிளிப் போட்டு தூக்கிக் கட்டினார். நாலு மாசமாச்சு, ஒரு தடவ கூட நிக்கல.

அதனால அடுத்து இப்படி ஒருத்தன் வந்தா, தயவுசெஞ்சு ஜாப் கார்டுல அந்த மூணு வார்த்தையோட நிறுத்தாம அவன பேச விடுங்க. வண்டிய ஒரு நாள் கூட வச்சுக்கோங்க, அது எப்ப சாகுமோ அந்த அளவு சூடாகுற வரைக்கும் ஸ்கேனர்ல ரெக்கார்டிங் போட்டு ஓட்டுங்க. அதுக்கு தனியா சார்ஜ் கேளுங்க, கண்டிப்பா குடுப்பேன், பம்புக்கு குடுத்தத விட சந்தோஷமா குடுப்பேன். கண்டுபிடிக்க முடியலைன்னா "இன்னும் பிடிபடல சார்"னு சொல்லுங்க, அது ஒண்ணும் கேவலம் இல்ல.

இன்னொண்ணு. நீங்க கெட்டுப்போச்சுன்னு கழட்டிக் குடுத்த பழைய சென்சார பெரியவர் ஹேர் டிரையர்ல சூடு பண்ணி மீட்டர் வச்சு ஓம்ஸ், அதாவது மின் தடை, பாத்தார், சூட்டுலயும் சரியாத்தான் காமிச்சுது. டேஷ்போர்டு டப்பாவுல பத்திரமா வச்சிருக்கேன், அடுத்த சர்வீஸுக்கு வரும்போது கொண்டு வர்றேன்.