கோவை – சிங்கப்பூர் பயண நேரமும் தூரமும் செயலியில் தவறாக வருவது குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் செயலியில் முகவர் கணக்கு வைத்து, திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் பெரியவர்களுக்கும் டிக்கெட் போட்டுத் தருகிறோம். கோவையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களுக்கு உங்கள் திரை காட்டும் பயண நேரம் தவறு.

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவையில் இரவு 8.45க்குப் புறப்பாடு, அங்கே அதிகாலை 3.45க்கு வருகை என்றால் "7 மணி 00 நிமிடம்" என்று வருகிறது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதைக் கழித்தால் நாலரை மணிதான். திரும்பி வரும்போது இதே கோளாறு தலைகீழாகி, மாலை 6.45க்கு ஏறி இரவு 8.45க்குக் கோவையில் இறங்கும் பயணம் "2 மணி 00 நிமிடம்" ஆகிவிடுகிறது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேலுள்ள தூரத்தை இரண்டு மணியில் கடக்கும் பயணிகள் விமானம் இன்று எதுவும் இல்லை. இரண்டு ஊர் உள்ளூர் நேரத்தையும் அப்படியே கழித்துப் போட்டிருக்கிறீர்கள். ஷார்ஜாவுக்கும் இதே கதிதான். அங்கே ஒன்றரை மணி பின்னால் என்பதால் போகும்போது குறைத்தும் வரும்போது கூட்டியும் காட்டுகிறது.

காற்றின் திசையால் வரும் வித்தியாசம் என்று உங்கள் உதவி மையம் பதில் அனுப்பியது. இந்தத் தடத்தில் காற்றால் சில நிமிடங்கள் கூடலாம், குறையலாம். அதிகம் போனால் அரை மணி. ஐந்து மணி நேரம் மாறாது.

தூரத்திலும் பிழை. கோவை – சிங்கப்பூர் வான்வழித் தூரம் சுமார் 3,160 கிலோமீட்டர், அதாவது 1,707 கடல் மைல். திரையில் இருப்பது 2,747 கிலோமீட்டர். 1,707ஐ 1.609ஆல் பெருக்கினால் இந்த எண் சரியாக வருகிறது. கடல் மைலைத் தரை மைல் என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். பெருக்க வேண்டியது 1.852ஆல்.

இதனால் நேரும் சங்கடம் சின்னதல்ல. "6 மணி நேரத்துக்குள்" என்று வடிகட்டினால் சிங்கப்பூர் நேரடி விமானமே பட்டியலில் இருந்து காணாமல் போகிறது. இன்சுலின் போடும் பெரியவர்கள் "மொத்தம் எத்தனை மணி நேரமுங்க?" என்று கேட்டுத்தான் சாப்பாட்டையும் ஊசியையும் டாக்டரிடம் திட்டமிடுகிறார்கள். அவர்களிடம் உங்கள் எண்ணைக் காட்ட எங்களுக்கு மனம் வரவில்லை.

சரிசெய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே எண்ணை நிரந்தரமாக எழுதிவைக்க வேண்டாம். ஜெர்மனி கோடையில் நமக்கு மூன்றரை மணி பின்னால், குளிர்காலத்தில் நாலரை; மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று மாறும். எனவே பயணத் தேதியைப் பார்த்து, புறப்பாடு, வருகை இரண்டையும் யுடிசி (UTC) எனும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிய பிறகே கழிக்க வேண்டும். கூடவே, வருகை நேரத்துக்குப் பக்கத்தில் "மறுநாள்" என்று தெளிவாகப் போடுங்கள். ஏர்போர்ட்டுக்கு வண்டி சொல்கிறவர்கள் தேதியில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

தவறான பயண நேரத்தை நம்பித் தேதி மாற்றியவர்களிடம் பிடித்த மாற்றக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். 15 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். திரைப் படங்களை இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
பயண முகவர்கள்,
திருப்பூர்