நிப்பட்டு மெஷினுக்குக் கடன் வாங்கும் முன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவள் பத்தாவது தேறிவிட்டாள் என்று படித்ததும் தெருவுக்கே சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி நலம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டு, அதாவது நம் ஊர்த் தட்டை, தட்டி விற்கும் நீ, மெஷின் போடக் கடன் வாங்கலாமா என்கிறாய். வாங்கு. ஆனால் எங்கள் புளி வியாபாரத்தில் நாங்கள் பட்டதைக் கேட்டுவிட்டு வாங்கு.

சிறு உணவுத் தொழிலுக்கான மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் 35 சதவீதம் மானியம் உண்டு, அதிகபட்சம் 10 லட்சம். நம் பங்காக 10 சதவீதமாவது போட வேண்டும். மானியம் கையில் வராது, கடன் கணக்குக்குத்தான் போகும். அந்தக் கடனில் மெஷின் வந்த சந்தோஷத்தில் நாங்கள் சரக்குக்குப் பணம் ஒதுக்கவில்லை. புளி மாசி, பங்குனியில்தான் மரத்தைவிட்டு இறங்கும். அப்போது வாங்கி வைத்தால்தான் வருஷம் ஓடும். மற்றவர்கள் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டிருக்க, எங்கள் மெஷின் துணி போர்த்திக் கிடந்தது.

கைகொடுத்தது எங்கள் மகளிர் சங்கம்தான். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் முதலில் தொடங்கியதே 1989-ல் நம் தர்மபுரியில்தானே. அப்போது உங்கள் ஊரும் இந்த மாவட்டம்தான். சங்கச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுத்தோம். அதே திட்டத்தில் குழு உறுப்பினருக்கு சரக்கு வாங்க, சின்னக் கருவி வாங்க என்று 40,000 ரூபாய் வரை விதைப்பணம் கிடைக்கும் என்று பிறகுதான் தெரிந்தது, அதற்கும் எழுதிப் போட்டோம்.

இப்போது திண்ணையில் பன்னிரண்டு பேர் உட்கார்கிறோம். ஓட்டைத் தட்டி உடைத்து, நாரை உருவி, கொட்டையைப் பிதுக்கி எடுப்பதற்குள் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். ஆனால் அந்தச் செக்கச்சிவந்த சுளையைக் கூடையில் பார்க்கும்போது அவ்வளவு பெருமை. மழை ஈரம் பட்டால் அதுவும் கறுத்துவிடும், விலை விழும். அதனால் சீக்கிரம் விற்றாக வேண்டும்.

அப்படி அவசரப்பட்டு, முக்கால்வாசி சரக்கை ஒரே பெரிய கடைக்குக் கொடுத்தோம். நாலு மாசம் பணம் வரவில்லை. சிறு தொழிலுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக்கூடாது; ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். மீறினால் வட்டியோடு தர வேண்டும். ஆனால் நம் பெயர் உத்யமில், அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவில், இருக்க வேண்டும், நாங்கள் அதைச் செய்யவில்லை. இத்தனைக்கும் அது இலவசம். செய்திருந்தாலும் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தில் வாய் திறந்திருப்போமா என்பது சந்தேகம்தான். அதனால்தான் சொல்கிறேன், பெரிய கடை ஒன்றை நம்பாதே. பேக்கரி, டீக்கடை, பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடை என்று இருபது இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. ஒருவர் இழுத்தாலும் உன் அடுப்பு அணையாது.

கடலையும் அரிசி மாவும் எண்ணெயும் மூன்று மாசத்துக்கு வாங்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடு. அந்தப் பணத்தைத் தனியாக வைத்த பிறகு மெஷின் விலை கேள். மானியம் கிடைக்கிறதே என்று பெரிய மெஷினாக எடுத்துவிடாதே.

வரும் ஞாயிறு போச்சம்பள்ளி சந்தைக்கு வருகிறேன். பேங்கில் கொடுத்த தாள்களை எடுத்து வா, உட்கார்ந்து பார்ப்போம். உனக்கு இரண்டு கிலோ புளி கட்டி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி