பழைய பாலத்தின் அடியைச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய பாலம் விழுந்தால் இயற்கைச் சீற்றம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எந்த உறுப்பு முதலில் விட்டுப்போனது என்பதல்லவா கேள்வி!

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 301 அடி உயரத்தில் நின்ற கின்சுவா ரயில் பாலத்தை எடுத்துக்கொள்வோம். 1882-இல் இரும்பில் கட்டி, 1900-இல் எஃகில் மாற்றினார்கள். 2003 ஜூலை 21-இல் அடித்த சுழற்காற்று அதைத் தாங்கிய 20 கோபுரங்களில் 11-ஐச் சாய்த்தது. இரும்பு எஃகாக மாறியதே தவிர, கோபுரக் கால்களைத் தரையோடு பிடித்திருந்தவை 1882-இன் போல்ட்டுகள்தாம். அவை துருவேறி அரித்துப்போயிருந்தன. பக்கக்காற்று தள்ளும்போது, காற்று வரும் பக்கத்துக் கால் மேலே எழப் பார்க்கும். அப்போது அதை இழுத்துப் பிடிக்க வேண்டியது அந்த போல்ட்டு. சீரமைப்பு வேலை தொடங்கிய ஆண்டிலேயே பாலம் விழுந்தது. நல்லவேளையாக, 2002-லேயே ரயிலையும் பாதசாரிகளையும் நிறுத்தியிருந்தார்கள். அந்த முடிவுக்குத் துணிச்சல் வேண்டும்.

கோபுரக் கால் உட்கார்ந்திருக்கும் அடித்தகட்டுக்குக் கீழே ஈரம் தேங்கும் இடத்தில்தான் போல்ட்டு மெலியும். மேலே நட்டு சாயம் பூசிப் பளபளக்கும். அதனால் சாயத்தைச் சுரண்டி, போல்ட்டின் மேல்முனையில் மீயொலிக் கருவி வைத்து உள்ளே விரிசலோ அரிப்போ உண்டா என்று பார்க்க வேண்டும். தகட்டைச் சுற்றிச் சேரும் மண்ணையும் இலைதழையையும் அள்ளித் தண்ணீர் வடிய வழி விட வேண்டும்.

நம் மலேசியாவில் காற்றைவிட வெள்ளமே பெரிய எதிரி. 2014 டிசம்பர் வெள்ளம் கிளந்தானில் கெமுபு ரயில் பாலத்தைக் கொண்டுபோனது. பொதுவாக வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழன்று அடிமணலைத் தோண்டும். அடித்து வரும் மரங்கள் தூணில் சிக்கினால் நீரின் தள்ளுவிசையும் கூடும், குழியும் ஆழமாகும். இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்றுண்டு: நீர் வடியும்போது தளர்ந்த மணல் அந்தக் குழியை மூடிவிடும். மறுவாரம் ஆழம் அளப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஆகவே வெள்ளம் ஓடும்போதே தூணடி ஆழத்தை அளக்கும் கருவி பொருத்த வேண்டும்.

கோலகங்சார் அருகே கராயில், 1900-இல் திறந்த விக்டோரியா பாலம் செங்கல் தூண்களில் பேராக் ஆற்றின் மேல் நிற்கிறது. படம் எடுக்க வருவோர் ஏராளம். நீர் எந்த மட்டத்தைத் தொட்டால் ஆட்களை விடக்கூடாது என்று தூணிலேயே சிவப்புக் கோடு போடுங்கள். சிக்கிய மரங்களை அடுத்த மழைக்கு முன்பே அகற்றுங்கள். பராமரிப்புப் பணத்தைச் சாயத்துக்கு ஒதுக்குமுன் தூணடிக்கு ஒதுக்குங்கள்.

பாலப் பராமரிப்புத் துறையினர் சிலர்,
செந்தூல், கோலாலம்பூர்