இளையவனுக்குக் காசு அனுப்பும் விசயம்

அன்பின் மச்சான்,

நீ கைப்பட எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாலு பக்கமும் கிடைத்தன. இரண்டு பக்கம் தலைகீழாக வந்திருந்தன, போனைத் திருப்பித் திருப்பி வாசித்து முடித்தேன். வீட்டுக்காரியின் முழங்கால் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது பெரிய ஆறுதல். அவவைக் கொஞ்ச நாளைக்குக் கிணற்றடிப் பக்கம் விடாதே. எனக்கும் வலது தோள் சரியில்லை. இத்தனை வருடம் புல்வெட்டும் தொழிலில் இலை ஊதும் புளோவர் தூக்கிய தோள், இனி அதைக் குறை சொல்லி என்ன. என் மகள் கணக்குவழக்கைப் பார்க்கிறாள், ஆனால் தொழிலை எடுக்க மாட்டாளாம். சரி, அவள் விருப்பம்.

உன் கேள்விக்கு வருகிறேன். உன் இளைய மகன் இங்கே கனடாவில் சொந்தமாகப் புல்வெட்டும் தொழில் தொடங்கப் போகிறான், சாவகச்சேரிக் காணியில் நாலு பரப்பை விற்று அனுப்பட்டுமா, இல்லை ‘நீயே உழைத்து முன்னுக்கு வா’ என்று விட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். காணியை விற்காதே. அதற்காக அவனைக் கைவிடு என்றும் நான் சொல்லவில்லை. நாங்கள் இங்கே வந்த காலத்தில் காசு இங்கிருந்துதான் அங்கே போனது. இப்போது ஒரு கனேடிய டொலர் இருநூறு ரூபாயைத் தாண்டி நிற்கிற நேரத்தில் நீ அங்கிருந்து இங்கே அனுப்பப் பார்க்கிறாய். உன் நாலு பரப்பும் இங்கே வந்து சேரும்போது ஒரு பழைய ட்ரக்கும் ட்ரெயிலருமாகச் சுருங்கிவிடும், மச்சான். பிறகு அந்த ட்ரக்கும் ஒன்ராறியோ ரோட்டு உப்பில் கறல் பிடித்துப் போகும்.

போன கிழமை அவன் வீட்டுக்கு வந்திருந்தான். போனில் ஒரு பட்டியல் காட்டினான். புது ட்ரக், மூடிய ட்ரெயிலர், ஏறி இருந்து ஓட்டுகிற, நின்ற இடத்திலேயே திரும்பும் ஸீரோ-டேர்ன் புல்வெட்டும் மெஷின், ட்ரக்கின் இரண்டு பக்கமும் ஒட்டுவதற்குப் பச்சை நிறத்தில் கொம்பனிப் பெயர். பெயரெல்லாம் வைத்துவிட்டான். வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று கேட்டேன். “அது வரும் மாமா” என்றான்.

அந்த ஸீரோ-டேர்ன் புதிதாக வாங்கினால் பத்தாயிரம் டொலருக்குக் குறையாது. பாடசாலை மைதானத்துக்கும் தொழிற்சாலை வளவுக்கும் அதைப்போல ஒன்று இல்லை. ஆனால் இவன் வேலை தேடப்போவது மார்க்கம், ஸ்காபரோ என்ற ரொறொன்ரோப் பக்கத்து இடங்களில். அங்கே வீட்டுக்கு முன்னால் பாய் விரித்த அளவுக்குத்தான் புல்லு. பின்வளவுக்குப் போவதென்றால் வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் நடுவில் ஒடுங்கிய ஒரு வழி, அதில் ஒரு கேற். அனேகமான கேற்றுகள் மூன்று, மூன்றரை அடிதான். நாலு அடிக்கு மேல் அகலமான மெஷின் அதால் எப்படிப் போகும்? நான் வாயால் சொல்லவில்லை. அளவு நாடாவைக் கையில் கொடுத்து, எங்கள் தெருவில் தெரிந்த வீடுகளின் கேற்றை அளந்து வரச் சொன்னேன். திரும்பி வந்தவன் பேசாமல் தேத்தண்ணியைக் குடித்தான்.

சனிக்கிழமை ஒரு வீட்டுக்கு விலை சொல்லப் போனேன், அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். மழைக்குளிர், பனி இன்னும் மூலைகளில் கிடந்தது. நடைபாதையில் நின்று முன்பக்கத்தைப் பார்த்தான், “ஒரு வெட்டுக்கு நாற்பது டொலர் சொல்லலாம் மாமா” என்றான். பின்னுக்குக் கூட்டிப்போனேன். நடுவளவில் பிள்ளைகளின் ட்ரம்போலின், அதன் கால்களைச் சுற்றி, நூல் சுழன்று வெட்டும் ட்ரிம்மரால்தான் வெட்டவேண்டும். வேலியோரம் சரிவு, மழை பெய்தால் மெஷின் வழுக்கும். அவர்களிடம் பெரிய நாய் ஒன்று இருக்கிறது. பனிகாலம் முழுக்க அது போட்டதெல்லாம் புல்லுக்குள் அப்படியே கிடந்தது. ட்ரிம்மர் நூல் அதில் பட்டால் எங்கெங்கே தெறிக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. அந்த வீட்டுக்கு நாற்பது காணாது. ஆனால் அதே தெருவில் பக்கத்துப் பக்கத்தாக நாலைந்து வீடு பிடித்தால் நாற்பதே நல்ல விலை. ஒற்றை வீட்டுக்காக ஏஜாக்ஸிலிருந்து ஸ்காபரோவுக்கு ஓடினால் அறுபது வாங்கினாலும் பெற்றோலும் நேரமும் தின்றுவிடும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் ஓடுகிறாய் என்பதிலேதான் இந்தத் தொழிலின் லாபமும் நட்டமும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெடியன் இருந்தான். தகப்பனுக்கு இங்கே இரண்டு கடை, தாராளமான மனுசன். மகனுக்கு இரண்டு ட்ரக், எல்லா மெஷினும் புதிது, போதாக்குறைக்குத் தொழிலை விட்டுப் போகிற ஒருவரிடமிருந்து வாடிக்கையாளர் பட்டியலையும் காசு கொடுத்து வாங்கிக் கொடுத்தார். இங்கே அப்படி விற்பார்கள். பட்டியலில் வீடுகள் நிறைய இருந்தன, ஆனால் ஒன்று பிக்கறிங்கில், ஒன்று நோர்த் யோர்க்கில், ஒன்று விற்பியில், எல்லாம் ஒன்றுக்கொன்று தூரம். பழைய ஆளின் முகத்துக்காக இருந்த சனம், புது ஆள் வந்ததும் ஒவ்வொன்றாக நின்றுவிட்டது. விற்பனை வரியையும் அவன் யோசிக்கவில்லை. வருமானம் முப்பதாயிரம் டொலரைத் தாண்டினால் பதிவு செய்து 13 வீதம் வரி அறவிடவேண்டும். அவன் வாடிக்கையாளரிடம் வாங்காமல் விட்டான், பிறகு அரசாங்கத்துக்குத் தன் கையிலிருந்து கட்டினான். பெடியன் சோம்பேறி இல்லை, விடியப்புறமே எழும்பி ஓடுகிறவன். விலை பிழைத்தால் வலிக்க வேண்டும், அந்த வலி தகப்பனின் வங்கிக் கணக்கில் போய் விழுந்துகொண்டிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை.

இதை வாசித்துவிட்டு, அப்படியென்றால் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது என்று முடிவெடுக்காதே. இங்கே கலியாண மண்டபங்களில் ஒரு மேசைக்கு ஒருவராவது இருப்பார், “நான் ஒருத்தரிட்டையும் கைநீட்டாமல் வந்தவன்” என்று கதைக்கிறவர். எனக்கு அந்தக் கதை வாயில் வராது. நான் தொடங்கியபோது பழைய மெஷின் ஒன்றை வானின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஓடினேன், இரவில் தொழிற்சாலை வேலை, அதெல்லாம் உண்மை. ஆனால் வீட்டு வாடகை மனைவியின் சம்பளத்தில் போனது. மெஷினை மச்சினனின் கராஜில் வாடகையில்லாமல் வைத்தேன். முதல் ட்ரக் வாங்கச் சீட்டைக் கழிவு போட்டு எடுத்தேன். அந்தச் சீட்டில் இருந்தவர்கள் எல்லாம் ஊர்ச்சனம், என் சொல்லை நம்பிக் காசு போட்டவர்கள். வங்கி அப்போது என் முகத்தையே பார்க்கவில்லை.

மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கலிபோர்னியாவின் ஜப்பானியத் தோட்டக்காரர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். என் தொழில் என்றபடியால் எனக்கும் வாசித்துக் காட்டினாள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க அரசு அந்தச் சனத்தை முகாம்களில் அடைத்து வைத்தது உனக்குத் தெரியும். போர் முடிந்து வெளியே வந்தபோது பலருக்கு நிலமும் இல்லை, கடையும் இல்லை. லொஸ் ஏஞ்சல்ஸில் கனபேர் புல்வெட்டும் மெஷினைத்தான் பிடித்தார்கள். பெரிய முதல் வேண்டாம், இங்கிலீசும் கனக்க வேண்டாம். 1955 இல் தங்களுக்கென்று ஒரு சங்கமே வைத்தார்கள். ஜப்பானிலிருந்து வந்த சனத்திடம் எங்கள் சீட்டைப் போலவே ஒன்று இருந்தது, ‘தனோமொஷி’ என்று பெயர். எல்லாரும் மாதாமாதம் போட்டு, ஒவ்வொருவராக எடுப்பது. அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தகப்பன் உதவி செய்து பெரிதாக வந்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ‘கெம்லோன்’ கொம்பனியை 1968 இல் ஒஹையோவின் ட்ரோய் என்ற சிறு நகரத்தில் ஒரு தகப்பனும் மகனும் சேர்ந்து தொடங்கினார்கள். லொறித் தாங்கியில் திரவ உரத்தைக் கொண்டுபோய் வீடு வீடாக அடிப்பது அவர்கள் முறை. 1987 இல் ஈகோலாப் கொம்பனி அதை வாங்கியது, முப்பத்தைந்து கோடி டொலருக்கு மேல் கொடுத்து. ஆனால் அந்தக் குடும்பம் ஏற்கெனவே புல்தரை வளர்த்து விற்றுக்கொண்டிருந்த குடும்பம். அந்த மகனுக்கு வீட்டிலிருந்து கிடைத்ததில் காசைவிடப் புல்லைப் பற்றிய அறிவுதான் பெரிது. உனக்கு இலக்கணம் தெரியும், கோபிக்காதே, புல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அதனால் அந்தப் பகுதியை என்னிடம் விடு. இந்த வருடம் அவன் என்னோடு வேலை செய்யட்டும், மற்றப் பெடியளுக்குக் கொடுக்கிற சம்பளம்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. மழுங்கிய பிளேடால் வெட்டினால் புல்லு நுனி கிழிந்து இரண்டு நாளில் வெளிறிப்போவதைக் கண்ணால் பார்க்கட்டும். ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதைப் பழகட்டும். ஜூலையில் மழை இல்லையென்றால் இங்கத்தைப் புல்லு காய்ந்து உறங்கிவிடும், வெட்ட ஒன்றும் இராது. வெட்டுக்கு வெட்டு காசு வாங்குகிறவன் அந்த மாதம் கையைப் பிசைந்துகொண்டு இருப்பான், பருவம் முழுவதுக்கும் பேசி வைத்தவன் தப்புவான். களைமருந்து அடிக்கலாமே என்று கேட்டான். ஒன்ராறியோவில் வீட்டுப் புல்தரைக்கு அழகுக்காக இரசாயன மருந்து அடிப்பதை 2009 ஏப்ரல் 22 இலிருந்து தடை செய்துவிட்டார்கள். இரும்புச்சத்து மருந்து, சோளப் பசைத்தூள் போன்ற சிலதுக்குத்தான் அனுமதி. மண்ணுக்குள் வேர் தின்னும் புழு வந்தால், ஓகஸ்ட் கடைசியில் நுண்ணிய நூற்புழுக்களைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவோம், அவை போய் அந்தப் புழுவைக் கொல்லும். உயிருள்ள பொருள், குளிர்ப்பெட்டியில் வைத்து, நிலத்தை நனைத்து ஊற்றவேண்டும். கவனிக்காமல் விட்டால் இரவில் ஸ்கங்க் என்ற நாற்ற மிருகம் வந்து புழுவுக்காகத் தரையை உழுது போட்டுவிடும். காலையில் வீட்டுக்காரர் உன்னைத்தான் கூப்பிடுவார்.

இனிக் காசு. புல்லு வேலை ஏப்ரல் கடைசியில் தொடங்கி நவம்பர் நடுவில் நின்றுவிடும். பனி அள்ளலாம் என்று எல்லாரும் சொல்லுவார்கள். அள்ளலாம்தான். ஆனால் யாராவது வழுக்கி விழுந்தால் வழக்கு வரும், அதனால் பனி வேலைக்கு இன்சூரன்ஸ் விலை வேறு. விழுந்தவர் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்ற சட்டம் 2021 இல் நடைமுறைக்கு வந்தது, கொஞ்சம் ஆறுதல், அவ்வளவுதான். பனி குறைந்த வருடத்தில் வருமானமும் குறையும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முறிந்து போவது டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில்தான். ட்ரக் தவணை நிற்காது, இன்சூரன்ஸ் நிற்காது, நவம்பரில் முடித்த வேலைக்கு ஜனவரியிலும் காசு வராத வீடுகள் இருக்கும். அந்த இடைவெளியில் வீட்டுக்காசு கைகொடுத்தால் ஒருவன் அடுத்த ஏப்ரலைப் பார்ப்பான். மெஷின் வாங்கக் கொடுத்த காசில் அந்தப் பலம் இல்லை.

ஆகவே நிலையான வைப்பில் ஏதாவது வைத்திருந்தால் அதை அசைக்காமல் வை. அவன் ஒரு வருடம் என்னோடு நிற்கட்டும், அடுத்த வருடம் ஒரே வட்டாரத்தில் வீடுகள் பிடித்துத் தன் சேமிப்பில் பழைய மெஷினோடு தொடங்கட்டும். முதல் பனிகாலத்துக்கு, வந்து கேட்டால், கடனாகக் கொடு. எவ்வளவு, எப்போது திரும்பும் என்று ஒரு கடுதாசியில் எழுதி உன் மூத்தவனுக்கும் மகளுக்கும் காட்டிவிட்டுக் கொடு. இங்கே பல குடும்பங்களில் தொழில் தப்பிப் பிழைத்தது, சகோதரங்கள் கதைக்காமல் போய்விட்டார்கள். ஒருத்தனுக்குக் கொடுத்தது மற்றவர்களுக்குப் பிறகு தெரியவந்ததுதான் காரணம்.

இன்னொன்று கேட்கவேண்டும். அந்தக் காணி உன் வீட்டுக்காரியின் சீதனம். உறுதி அவவின் பெயரில் இருக்கிறது, நொத்தாரிசு முன்னால் கையெழுத்து வைக்கப்போவது அவ. நீ எழுதிய நாலு பக்கத்தில் அவ என்ன நினைக்கிறா என்று ஒரு வரியும் இல்லை. அவவிடம் கேட்டாயா? கேட்டுவிட்டு எழுது. கெதியாக எழுது, ஏப்ரல் பிறந்தால் இரவு பத்து மணிக்கு முன்னால் நான் போனைத் தொடமாட்டேன்.

அன்புடன்,
உன் கடைசி வாங்குக் கூட்டாளி
ஏஜாக்ஸ், ஒன்ராறியோ