ரீபூட் செய்யும் முன் விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'சர்வர் வேலை செய்யவில்லை' என்ற பதிலோடு அலுவலகங்களிலிருந்து திரும்பும் மக்களின் அலைச்சல் அடிக்கடி செய்தியாகிறது. யுனிக்ஸ், லினக்ஸ் இயக்க முறைமைகளில் இயங்கும் சர்வர்களைப் பராமரிப்பவன் என்ற முறையில், அதற்குத் துணைபோகும் ஒரு பழக்கத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். கட்டளை ஒன்று விசித்திரமான விடையைத் தந்தால், காரணம் பாராமலேயே சர்வரை ரீபூட் (மறுதொடக்கம்) செய்துவிடுகிறார்கள்.

எடுத்துக்காட்டாக, வட்டில் மீதமுள்ள இடத்தைச் சொல்லும் டிஎஃப் கட்டளை, சில நேரம் வட்டு முழுவதும் நிரம்பிவிட்டதாகக் காட்டும். அதே வட்டின் கோப்புகளின் அளவுகளை டியு கட்டளையால் கூட்டினால் பாதிகூட வராது. இரண்டு கணக்கும் சரியே. யுனிக்ஸில் ஒரு கோப்பை அழிக்கும்போது அடைவிலிருந்து (கோப்புப் பெயர்களின் பட்டியலிலிருந்து) அதன் பெயர்தான் நீங்குகிறது. ஏதேனும் ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும் வரை தரவு வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டேயிருக்கும். பெயர்களைப் பின்தொடர்ந்து எண்ணும் டியு அதைக் காணாது, கோப்பு முறைமையின் கணக்கைப் படிக்கும் டிஎஃப் காணும். பெரும்பாலும் அது, இடம் போதாமல் யாரோ அழித்த பெரிய லாக் கோப்பாக (நிரலின் செயல்பாட்டுப் பதிவாக) இருக்கும். எல்எஸ்ஓஎஃப் கட்டளை அந்தக் கோப்பையும் அதைப் பிடித்திருக்கும் நிரலையும் காட்டிவிடும். அந்தச் சேவையை மட்டும் மீண்டும் தொடங்கினால் போதும். ரீபூட் செய்தாலும் இடம் கிடைக்கும்தான். ஆனால் எந்த நிரல் அதைப் பிடித்திருந்தது என்ற தடயம் அதோடு போய்விடுவதால், அதே முடக்கம் மீண்டும் வரும்.

சில முரண்கள் இதைவிடக் கொடியவை. ஊடுருவியவர்கள் தங்கள் நிரல்களை மறைப்பதற்காக, இயங்கும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையையே மாற்றி வைப்பதுண்டு. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியான உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதையும் நிரல்களின் நினைவகப் பிழைகளைக் கண்டறியும் வால்கிரைண்ட் கருவி காட்டிய பிழைகளையும் அலட்சியப்படுத்தாமல் துருவியதால்தான், தரவைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் புதைக்கப்பட்டிருந்த பின்வாசல் (ரகசிய நுழைவழி) அம்பலமாகி, பெரும்பாலான சர்வர்களை எட்டும் முன் தடுக்கப்பட்டது.

இரவுப் பணியில் தனியாக இருக்கும் இளைஞர்களை நான் குறை கூறவில்லை. 'எப்போது சரியாகும்' என்று மட்டும் கேட்கும் மேலதிகாரிகளிடம் அவர்கள் வேறென்ன செய்ய முடியும்? ரீபூட்டுக்கு முன் கட்டளைகளின் வெளியீட்டை வேறோர் இடத்தில் சேமிப்பதை நிறுவனங்கள் கட்டாயமாக்கி, அதற்கான நேரத்தையும் அவர்களுக்கு அளிக்க வேண்டும். பொறியியல் கல்லூரிகளும் இயக்க முறைமை ஆய்வகத் தேர்வில் கட்டளைகளை எழுதிக் காட்டச் சொல்வதோடு நில்லாமல், முரண்படும் இரண்டு வெளியீடுகளைக் கொடுத்துக் காரணம் கண்டறியச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகி ஒருவர்,
கோயம்புத்தூர்