கண்ணுக்குக் கண்: தண்டனையா, இழப்பீடா?

ஆசிரியருக்கு,

மரண தண்டனை குறித்த தங்கள் தலையங்கம், 'கண்ணுக்குக் கண்' என்பதை யூதர்களின் பழிவாங்கும் நீதி என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. அந்த வசனம் வரும், பைபிளின் யாத்திராகமம் நூலின் 21ஆம் அதிகாரத்தில் இரண்டு வசனம் தள்ளிப் படித்தாலே, அடிமையின் கண்ணைக் கெடுத்த எஜமான் தன் கண்ணை இழப்பதில்லை, அடிமையை விடுதலை செய்ய வேண்டும் என்றிருக்கிறது. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ், பாதிக்கப்பட்டவர் பணம் வாங்கச் சம்மதித்தால் அதே காயம் செய்யத் தேவையில்லை என்கிறார். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவிலோ, ரபிகள் எனப்படும் யூத மத அறிஞர்கள் உறுப்பிழப்பு, வலி, மருத்துவச் செலவு, வேலையிழப்பு, அவமானம் என ஐந்து தலைப்புகளில் இழப்பீடே விதித்துவிட்டார்கள். மறுகன்னத்தைக் காட்டு என்ற இயேசுவின் போதனையை உயர்த்துவதற்காக, அதுவரை யூதர்கள் கண்ணைப் பிடுங்கிக்கொண்டே இருந்ததுபோல் நம் பிரசங்கிகள் சிலர் பேசுவதும் இதே அவசரம்தான்.

வழக்கறிஞர் அலுவலகத்தில் மோட்டார் வாகன விபத்து மனுக்களைத் தட்டச்சு செய்தவன் நான். ஊனம், வலியும் வேதனையும், மருத்துவச் செலவு, வருமான இழப்பு என்றுதான் அங்கேயும் தொகை கேட்போம். அவமானத்துக்கு மட்டும் தனிப் பத்தி கிடையாது. அதில் ரபிகள் நம்மை மிஞ்சிவிட்டார்கள். இந்தச் சட்டங்களை யூதர்களும் கிறிஸ்தவர்களும் எப்படிப் படித்து வந்தார்கள் என்பது பற்றி, இரு தரப்பு அறிஞர்களின் கட்டுரைகளையும் ஞாயிறு இணைப்பில் ஒரே பக்கத்தில் வெளியிடலாமே.

ஓய்வுபெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா,
பாளையங்கோட்டை